பீடியை விட்ட பிறகு கை நடுக்கம்: யாருக்காவது அனுபவம் உண்டா?

40 வருடம் பீடி குடித்த அப்பா 3 வாரமாக அதைத் தொடவில்லை. (அம்மா சண்டை போட்டே சாதித்தாள்.) ஆனால் இப்போது நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, காப்பி டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில்தான். பீடி ஏக்கம் என்றே நினைத்தோம். மூச்சிரைப்புக்கான தியோபிலின் மாத்திரையோ பழைய அளவிலேயே போகிறது. புகை, கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி1ஏ2 என்ற நொதியை முடுக்கிவிடுமாம். புகை நின்றால் நொதி மந்தமாகி, மருந்து ரத்தத்தில் தேங்கும். காப்பியின் காஃபீனையும் அதே நொதிதான் சிதைக்கிறது, அப்பாவுக்கோ நாளைக்கு 5 டம்ளர்!

இன்று மாலையே மருத்துவரிடம் போகிறோம். பீடியை விட்டதைப் போன முறை நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இதுபோல் யாருக்காவது மாத்திரை அளவைக் குறைத்தார்களா? ரத்தத்தில் தியோபிலின் அளவு பார்க்கும் பரிசோதனையை மதுரையில் எங்கே செய்கிறார்கள்?