சிந்து பைரவியும் பத்து மணி எஞ்சினும்

லயத்துப் பையன்:
மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை, இப்போது பெஸ்தாரி ஜெயா. 1986. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வாடகை வீடியோவில் 'சிந்து பைரவி' போட்டார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். சுஹாசினி மேடையில் 'பாடறியேன் படிப்பறியேன்' எடுக்கிறார். பாட்டி தொடையில் தாளம் போடுகிறாள். நாட்டுப்பாட்டு மெல்லக் கர்நாடகத்துக்குள் நழுவும் இடம் இருக்கிறதே, சரியாக அங்கே மின்சார எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். மணி பத்து. விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, நிற்க வேண்டும், யாரைத் திட்டுவது? இருட்டில் எல்லாரும் பாயைச் சுருட்ட, பாட்டி மட்டும் எழவில்லை. விட்ட இடத்திலிருந்து, வார்த்தை இல்லாமல், தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனாள். ஒப்பாரி மெட்டு. முடித்துவிட்டு, "அந்தப் புள்ளயும் இப்படித்தானே முடிச்சிருக்கும்?" என்றாள். ஆமாம் பாட்டி என்றேன்.

மிச்சத்தை நான் பார்த்தது அவள் போன பிறகு. அப்படி முடியவில்லை.

கோயில் வீதி:
பத்து மணியா? எங்கள் தோட்டத்தில் பதினொன்று வரை எஞ்சின் ஓடும். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வீட்டில் விருந்தாளி வந்தால் பன்னிரண்டு. அது கிடக்கட்டும், "கர்நாடகத்துக்குள் நழுவும்" என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி? அது தியாகராஜரின் 'மரி மரி நின்னே'. அவர் பாடியது காம்போதி ராகத்தில். இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றிப் போட்டார். நாட்டுப்பாட்டோடு அது ஒட்டிக்கொண்டதே அதனால்தான்.

இது தெரியாமல் நானும் ஒருமுறை மாட்டினேன். மாரியம்மன் திருவிழாவில் நாதஸ்வரக்காரரிடம் போய் 'மரி மரி நின்னே' கேட்டேன். வாசித்தார். "இது இல்லீங்களே" என்றேன். வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றினார், வேட்டியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். "நீ கேட்டது ராஜா பாட்டு, தம்பி. நான் வாசிச்சது தியாகையர் பாட்டு." தவில்காரர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

கேசட் பிரியன்:
பாடகி சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அந்தப் 'பாடறியேன்'. அப்பா அதை மலேசியத் தமிழ் வானொலியான ரேடியோ 6-இலிருந்து பதிந்து வைத்திருந்தார், பாதியில் அறிவிப்பாளர் குறுக்கே பேசுவார். அவ்வளவுதான் என் கதை.

பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். எடுத்த எடுப்பில் ஓட விடாதீர்கள். நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருக்கும், வெள்ளையாகத் தெரியும். நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அப்படியானால், திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டைப் பிரித்து நாடாவை அதற்கு மாற்றலாம், நாடா முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள், காந்தம் அழித்துவிடும். ஒருமுறை முழுக்க ஓட விட்டுக் கணினியில் ஏற்றிவிடுங்கள். பாட்டி பாடியது ஏதாவது கேசட்டில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

லயத்துப் பையன்:
கேசட்டெல்லாம் இல்லை அண்ணே. கோயில் வீதி அண்ணனுக்கு: பத்து மணிதான். எஞ்சினை நிறுத்தியது என் தாய்மாமன்.