67 பிட் எண்ணின் வர்க்கம் 64 பிட்டில் அடங்கவில்லை: லூக்கா-லேமர் சோதனைக்கு உதவி தேவை

வணக்கம். 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வருவது 147573952589676412927. இது பகா எண் இல்லை என்று, காரணியைத் தேடாமலே காட்ட நினைக்கிறேன். 1644-இல் கணித அறிஞர் மெர்சென் பகா எண் பட்டியலில் சேர்த்த எண் இது. 1903-இல் கோல் என்ற கணித அறிஞர் 193707721 × 761838257287 என்று உடைத்தார். தாளில் பெருக்கிப் பார்த்தேன், கடைசி இலக்கம் வரை ஒத்துவருகிறது. ஆனால் எனக்கு வியப்பு 1876-தான்: காரணி ஒன்றுகூடத் தெரியாமல் பகு எண் என்று லூக்கா நிறுவிவிட்டாரே!

அவர் முறையை லேமர் பின்னர் எளிமையாக்கியதே லூக்கா-லேமர் சோதனை; பத்து நாளாக அதைச் சி மொழியில் எழுதிவருகிறேன். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி காண வேண்டும். 67-க்கு இப்படி 65 முறை; கடைசி மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். அடுக்கு 31 வரை விடை சரி. 61-க்குப் போட்டால் பகு எண் என்கிறது. அது பகா எண் என்பது 1883-இலேயே தெரியும். வர்க்கம் 64 பிட்டில் அடங்காமல் மேல் பகுதி விழுந்துவிடுகிறது. 67-க்கும் பகு எண் என்றுதான் வருகிறது, ஆனால் அதை எப்படி நம்புவது?

லாங் டபிள் போட்டேன், கடைசி இலக்கங்கள் தப்பு. எக்செல் 15 இலக்கத்துக்கு அப்புறம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டது: 147573952589676000000. பழைய கணினி, கம்பைலரில் 128 பிட் வசதி இல்லை, பைத்தானும் ஏற்ற முடியாது.

எண்ணை இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு, வர்க்கத்தின் மீதியை ஒரு பிட்கூட விழாமல் எடுப்பது எப்படி?