கையில் இருந்தும் விட்ட மார்க்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மைக்கறை:
இயற்பியல் தேர்வு, கடைசி ஐந்து மார்க் கேள்வி. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும்? எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். சூத்திரம் எழுதி, g-க்கு 10 போட்டு, 400ஐ 20ஆல் வகுத்தேன். 200 வந்தது. பந்து 200 மீட்டர் போகுமா என்று பகீரென்றது. வகுத்தது தப்பாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. சூத்திரமே தப்பு என்று நினைத்து, மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்து அடித்துவிட்டேன். மறுபடி எழுதத் தொடங்குவதற்குள் மணி அடித்தது. தாள் திரும்பி வந்தபோது ஆசிரியர் அந்தக் கோடுகளுக்கு அடியில் விரல் வைத்துக் காட்டினார். "சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி. அடிக்காமல் விட்டிருந்தால் மூன்று மார்க் போட்டிருப்பேன்." அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கடைசிவரிசை:
எனக்குக் கேள்வி எண். 36க்கான விடைக்கு 34 என்று போட்டேன். 34ஐ ஏற்கெனவே எழுதியிருந்தேன். திருத்தியவர் இரண்டாவது 34ஐத் தொடவே இல்லை. அவ்வளவுதான்.

நீலப்பேனா:
ஒரு மார்க் கேள்வி. தாவர செல்லில் உண்டு, விலங்கு செல்லில் இல்லை, எது? செல் சுவர் என்று சரியாகத்தான் குறித்தேன். கடைசி நிமிடத்தில் திரும்பப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியா கண்ணில் பட்டது. சந்தேகம் வந்து மாற்றிவிட்டேன். மனசு முதலில் சொன்னதுதான் சரி. தயவுசெய்து யாரும் விடையை மாற்றாதீர்கள்.

படிக்கல்:
நீலப்பேனா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த அறிவுரையை ஏற்க முடியாது. 2005இல் க்ரூகர், விர்ட்ஸ், மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1,561 மாணவர்களின் தேர்வுத் தாள்களில் அழித்து மாற்றிய தடங்களை எண்ணிப் பார்த்தார்கள். தப்பிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம். சரியிலிருந்து தப்புக்குப் போனவை 25 சதவீதம்தான். மாற்றிக் கெட்டது மனசில் ஆழமாகப் பதிகிறது, மாற்றிப் பிழைத்தது மறந்துபோகிறது. காரணம் இருந்தால் மாற்றுங்கள், வெறும் பயத்தில் மாற்றாதீர்கள்.

என் கதை நேரம். முதல் பத்து மார்க் கேள்விக்கே 50 நிமிடம் செலவழித்தேன், நன்றாகத் தெரிந்த பாடம் என்பதால். பின்னால் இரண்டு பெரிய கேள்விகள் வெறும் எண்ணோடு நின்றன. மூன்று மணி நேரம், 100 மார்க் என்றால் ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். பத்து மார்க்குக்கு 18 நிமிடம், திரும்பப் பார்க்க ஒதுக்கினால் 16. நேரம் தாண்டினால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். ஒரு விடையின் முதல் ஐந்து மார்க் சுலபமாக வரும், கடைசி ஒன்றுதான் உயிரை வாங்கும். அப்புறம், நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள். நான்கு விடைகள் கொடுத்து, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள் என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒன்றைத் தப்பு என்று உறுதியாக ஒதுக்க முடிந்தாலே குறிப்பது லாபம்.

சிவப்புமை:
நான் திருத்துகிற பக்கம். 'வேறுபடுத்துக' என்று கேட்டிருந்தோம், ஒளிச்சேர்க்கையும் சுவாசமும். ஒரு மாணவி இரண்டையும் தனித்தனிப் பத்தியாக, ஒன்றரைப் பக்கம், முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு வரிகூடத் தப்பில்லை. ஒரு வரியிலும் ஒப்பீடும் இல்லை. ஐந்துக்கு இரண்டு போட்டேன். தாளை நீட்டி, "எல்லாம் சரிதானே மிஸ்?" என்று கேட்டாள். நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் ஆக்ஸிஜன் வெளியேறும், மறுபக்கம் ஆக்ஸிஜன் செலவாகும் என்று எதிரெதிராக எழுதியிருந்தால் அதே விஷயத்துக்கு முழு மார்க். கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லை முதலில் அடிக்கோடிடச் சொல்லி வகுப்பில் நான்தான் பழக்கியிருக்க வேண்டும்.

நீலப்பேனா:
படிக்கல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அதே தாளில் வேறு எதையாவது மாற்றினேனா என்று நினைவே வரவில்லை. அந்தச் செல் சுவர் மட்டும்தான் இருக்கிறது.