நீதித்துறைச் சுதந்திரத்துக்கான பன்னாட்டுச் சட்ட ஒத்துழைப்பு: வெளியிலிருந்து செல்பவரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக வழக்கறிஞராகப் பணியாற்றி வருகிறேன். பெரும்பாலும் அரசமைப்பு, நிருவாகச் சட்ட வழக்குகள். பிற நாடுகளின் நீதித்துறைச் சீர்திருத்தங்களுக்குத் துணைநிற்கும் சட்ட ஒத்துழைப்பு அமைப்பு ஒன்றில் சட்ட அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். நீதித்துறையின் சுதந்திரம் பற்றி ஐக்கிய நாடுகள் அவை 1985இல் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளையும், நீதிபதிகளின் நடத்தை பற்றிய பெங்களூரு கோட்பாடுகளையும், குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் நியாயமான விசாரணை பற்றிய 14ஆம் உறுப்பையும் கவனமாகப் படித்திருக்கிறேன்.

படித்ததில் எனக்குக் குழப்பம் இல்லை. இந்தப் பணி நடைபெறும் முறையில்தான் தயக்கம். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை இரு அரசுகளுக்கிடையே செய்துகொள்ளப்படும் ஒப்பந்தங்களின் பேரில் நடக்கின்றன. அவற்றில் கையெழுத்திடுவது பெரும்பாலும் நீதித்துறை அமைச்சகம். நீதிபதிகளின் நியமனத்திலும் இடமாற்றத்திலும் அளவுமீறித் தலையிடுவது அந்த அமைச்சகமே என்றால், அதன் அழைப்பின் பேரில் சென்று நீதிபதிகளுக்கு எவ்வாறு துணைநிற்க முடியும்? நம் வருகையைக் காட்டியே ஓர் அரசு தன் சட்டத்துக்கு நற்பெயர் தேடிக்கொள்ளாதா? இத்துறையில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (திட்ட ஒருங்கிணைப்பாளர்)

உங்கள் தயக்கம் நியாயமானது. பதினொரு ஆண்டுகளாக இதே பணியில் இருக்கிறேன். அது இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

பயிலரங்குகளும் கல்விப் பயணங்களும்தான் வெளியில் தெரிகின்றன. ஆனால் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி சட்ட வரைவுகளைப் படித்துக் கருத்துரை எழுதுவதில் செல்கிறது. ‘நீதிபதிகள் சுதந்திரமானவர்கள், சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள்’ என்ற வாசகம் நான் பார்த்த எல்லா வரைவுகளிலும் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆபத்து எப்போதும் கடைசிப் பக்கங்களில், ‘இடைக்கால ஏற்பாடுகள்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும். அங்கேரியின் உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்த ஆன்ட்ராஸ் பாக்காவின் பதவிக்காலம் முடிய மூன்றரை ஆண்டுகள் எஞ்சியிருந்தபோது, புதிய அரசமைப்பின் இடைக்கால ஏற்பாடுகள் வழியாகவே அது முடித்துவைக்கப்பட்டது. புதிய தலைவருக்கு உள்நாட்டில் ஐந்தாண்டு நீதிபதி அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டதால், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் அவர் பதினேழு ஆண்டுகள் நீதிபதியாக இருந்தது கணக்கில் வரவில்லை. சீர்திருத்தங்களை வெளிப்படையாக விமர்சித்ததே அவர் நீக்கப்படக் காரணம் என்ற முடிவுக்கு வந்த அந்த ஐரோப்பிய நீதிமன்றம், 2016இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

ஓய்வு வயதும் இப்படித்தான். அதே நாட்டில் நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் அதைச் சட்டவிரோதம் என்றது. ஆனால் வயது அடிப்படையிலான பாகுபாடு என்ற காரணத்தைக் கொண்டுதான், நீதித்துறைச் சுதந்திரம் என்ற காரணத்தைக் கொண்டு அன்று. அதற்குள் பலர் பதவியை விட்டுச் சென்றிருந்தார்கள். போலந்தின் உச்ச நீதிமன்றத்தில் 70லிருந்து 65ஆகக் குறைத்த சட்டம் 2019 ஜூன் மாதத்தில் அதே நீதிமன்றத்தின் முன் வீழ்ந்தபோதுதான், சுதந்திரமும் பதவிப் பாதுகாப்பும் நேரடியாகப் பேசப்பட்டன. இந்த வேறுபாட்டை நீங்கள் ஆழ்ந்து படிக்க வேண்டும். எந்த வாதம் எந்த மன்றத்தில் ஏற்கப்படும் என்பதை அறிந்து எழுதப்படும் கருத்துரையே பிற்காலத்தில் யாருக்காவது கைகொடுக்கும்.

வழக்கு ஒதுக்கீடு இன்னொரு களம். நான் இருந்த ஒரு திட்டத்தில், வழக்குகளை நீதிபதிகளுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் மென்பொருளை நிறுவ உதவினோம். நிறைவேறியபோது உண்மையிலேயே மகிழ்ந்தோம். விடுப்பில் உள்ள நீதிபதியின் பெயரைப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நீக்கும் அதிகாரம் நீதிமன்றத் தலைவரிடம் இருந்ததை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. முக்கியமான வழக்கு ஒன்று பதிவான காலையில், ஒருவரைத் தவிர மற்ற எல்லா நீதிபதிகளும் விடுப்பில் இருப்பதாக அந்தப் பட்டியல் காட்டியது. பெயர் நீக்கம் ஒவ்வொன்றும் காரணத்துடனும் நேரத்துடனும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை வழக்கின் இரு தரப்பினரும் பார்க்க முடிய வேண்டும் என்ற விதியை அதன் பிறகே எழுதினோம். தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தத் தவறு எங்களுடையது.

அமைச்சகம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் அமைச்சகத்துடன், நீதிபதிகளின் நியமனம் போன்றவற்றைக் கவனிக்கும் தன்னாட்சி அமைப்பான நீதித்துறை மன்றமும், நீதிபதிகளின் சங்கமும், வழக்கறிஞர் அமைப்பும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். உங்கள் கருத்துரை எப்போது, யாரால் வெளியிடப்படும் என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுத்தில் பெறுங்கள். அரசமைப்புச் சட்டம் பற்றி ஆலோசனை வழங்கும் ஐரோப்பிய அவையின் குழுவான வெனிஸ் ஆணையத்தின் கருத்துரைகளுக்கு எடை கூடுவதற்கு அதன் உறுப்பினர்களின் தகுதி மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவை பொதுவெளியில் வெளியாவதும் காரணம். வெளியிடப்படாத கருத்துரையை வைத்துக்கொண்டு, ‘பன்னாட்டு வல்லுநர்களைக் கலந்தாலோசித்தோம்’ என்று ஓர் அரசு சொல்லிவிட முடியும். நீங்கள் அஞ்சும் நற்பெயர் அங்குதான் கைமாறுகிறது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற நீதிபதி)

இத்தகைய திட்டங்களின் பயனாளியாக எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சுதந்திரம் என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்க வந்த சொற்பொழிவாளர்கள் பலர். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால், அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினால் அடுத்த மாதம் எந்த ஊருக்கு மாற்றப்படுவோம், பதவி உயர்வுப் பட்டியலில் எங்கே நிற்போம் என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கும் கீழமை நீதிபதிக்குச் சுதந்திரத்தின் வரையறை தேவைப்படவில்லை. இடமாற்ற உத்தரவில் காரணம் எழுதப்பட வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும் என்ற ஒரு விதி, பத்துப் பயிலரங்குகளை விட அவருக்குப் பெரிது. ஒழுங்கு நடவடிக்கையும் அப்படியே. ‘நீதிபதிக்குப் பொருந்தாத நடத்தை’ என்ற நான்கைந்து சொற்களை வைத்துக்கொண்டு எவரையும் விசாரணைக்கு இழுக்கலாம். அந்தச் சொற்களைத் துல்லியமாக்க உதவிய ஓர் அயல்நாட்டு நீதிபதியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மூன்று நாட்கள் எங்களோடு அமர்ந்து, தம் நாட்டில் நீதிபதிகள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் தவறாக முடிந்தவற்றை ஒளிக்காமல் சொன்னார்.

எல்லோரும் அப்படி இல்லை. தம் நாட்டு அமைப்பே சரியான அமைப்பு என்று எண்ணி வருபவர்கள் மிகுதி. ஜெர்மனியில் நீதித்துறையின் தன்னாட்சி மன்றம் என்று ஒன்று இல்லை. நியமனங்களில் அமைச்சர்களுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அங்கே நீதிபதிகள் அச்சமின்றித் தீர்ப்பளிப்பது, நீண்டகாலப் பழக்கமும் கட்டுப்பாடும் அந்த ஏற்பாட்டைச் சுற்றி வேலியாக நிற்பதால்தான். வேலியை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோய் நட முடியாது. மாறாக, எல்லா இடத்துக்கும் நீதித்துறை மன்றமே மருந்து என்பதும் சரியாகாது: போலந்தில் அந்த மன்றத்தின் பதினைந்து நீதிபதி உறுப்பினர்களை நீதிபதிகளே தேர்ந்தெடுத்து வந்த நிலை மாறி, நாடாளுமன்றத்தின் கீழவை தேர்ந்தெடுக்கும் என்று 2017 டிசம்பரில் சட்டம் வந்தது. மன்றம் அதே பெயரோடு இருந்தது. ஆனால் யாரிடமிருந்து நீதிபதிகளைக் காக்க வேண்டுமோ, அவர்களிடமே அதன் திறவுகோல் போய்ச் சேர்ந்தது.

மறுமொழி 3 (பன்னாட்டுச் சட்ட ஆய்வாளர்)

இன்னும் பேசப்படாத ஒன்று, செல்பவரின் பாதுகாப்பு. நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர் என்ற ஐக்கிய நாடுகளின் பொறுப்பு 1994இல் உருவானபோது, முதலில் அமர்த்தப்பட்டவர் மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசுவாமி. மலேசிய நீதிமன்றங்கள் பற்றி 1995இல் ஓர் இதழுக்கு அவர் அளித்த நேர்காணலுக்காக, அவர் நாட்டு நீதிமன்றங்களிலேயே அவர்மீது பெருந்தொகை கேட்டு அவதூறு வழக்குகள் தொடரப்பட்டன. பன்னாட்டு நீதிமன்றம் 1999 ஏப்ரலில் கருத்துரை வழங்கி, அந்தச் சொற்களுக்காக அவர்மீது எவ்வகைச் சட்ட நடவடிக்கையும் எடுக்க முடியாது என்று அறுதியிட்டது. திட்ட அலுவலர்களாகச் செல்லும் நம்மில் பலருக்கு அந்த விலக்குரிமை கிடையாது. ஒப்பந்தத்தில் உங்கள் சட்டநிலை என்ன, வழக்கு வந்தால் யார் பொறுப்பேற்பார்கள் என்பதைக் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீதிபதி ஐயா சொன்ன இடமாற்ற விதியைப் பற்றியே நேற்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் ஓர் ஐயம். நீதிபதிகளிடையே ஊழல் வேரூன்றியிருக்கும் நாட்டில் நாம் சுதந்திரத்தை வலியுறுத்தினால், அந்த ஊழலுக்கே அரணாகிவிட மாட்டோமா?

மறுமொழி 4 (திட்ட ஒருங்கிணைப்பாளர்)

இத்துறையில் இதைவிடக் கடினமான கேள்வி எனக்குத் தெரியாது. அல்பேனியாவில் 2016ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு, பணியிலிருந்த எல்லா நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும், பன்னாட்டுப் பார்வையாளர்கள் கண்காணிக்க, மறு மதிப்பீட்டுக்கு உள்ளானார்கள். பொருந்தாதவர்கள் பலர் வெளியேறினார்கள். அதே வேளையில், அரசமைப்பு நீதிமன்றம் போதிய நீதிபதிகள் இல்லாமல் 2018 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலற்றுக் கிடந்தது. உக்ரைனில் வேறொரு வழியும் எடுக்கப்பட்டது. 2019இல் இயங்கத் தொடங்கிய ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆறு பன்னாட்டு வல்லுநர்கள் தேர்வுக்குழுவுடன் அமர்ந்தார்கள்; ஐயம் எழுப்பப்பட்ட ஒருவர், அவர்களில் குறைந்தது மூவரின் ஆதரவு இல்லாமல் முன்னே செல்ல முடியவில்லை.

என் சார்பு இரண்டாவது வழிக்கே. உள்ளே வரும் வாயிலில் கடுமையாக இருப்பது, உள்ளே இருப்பவர்களை ஒட்டுமொத்தமாகக் கலைப்பதைவிடக் குறைவான தீங்கு செய்கிறது. ஏனெனில் இன்று நல்ல நோக்கத்தோடு திறக்கப்படும் வழியை, நாளைய அரசு தனக்கு ஒவ்வாத நீதிபதிகளை அகற்றவும் பயன்படுத்தலாம். அல்பேனியாவில் பணியாற்றியவர்கள் இதை மறுப்பார்கள். அவர்களிடமும் வலுவான காரணங்கள் உண்டு.

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஒரு சட்ட வரைவைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் கருத்துரை எழுதச் சொல்வார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

மறுமொழி 5 (ஓய்வுபெற்ற நீதிபதி)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பணி கிடைத்துச் சென்றால், தலைநகரில் நடக்கும் முதல் கூட்டத்துக்கு வரும் மூத்தவர்களோடு உங்கள் கலந்தாலோசனையை முடித்துக்கொள்ளாதீர்கள். தொலைவிலுள்ள கீழமை நீதிமன்றம் ஒன்றுக்குச் சென்று, கடந்த ஐந்து ஆண்டுகளில் அங்கிருந்து மாற்றப்பட்ட நீதிபதிகளின் பட்டியலையும், மாற்றத்துக்கு முன் அவர்கள் வழங்கிய தீர்ப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.