ஸ்கார்பரோ–ரூஜ் பார்க்: 2014 வாக்குகளைப் புதிய எல்லைக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 சட்டமன்றத் தேர்தலுக்காகத் தொகுதிகள் 107இலிருந்து 124 ஆனபோது உருவான தொகுதி இது. ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர், பிக்கரிங்–ஸ்கார்பரோ ஈஸ்ட், ஸ்கார்பரோ–கில்ட்வுட் மூன்றிலிருந்தும் வெட்டி ஒட்டியது. அதனால் ‘லிபரல் கோட்டை 2018இல் விஜய் தணிகாசலத்திடம் (கன்சர்வேட்டிவ்) விழுந்தது’ என்பது பாதிக் கதைதான். 2014இல் இந்தப் புதிய எல்லைக்குள் யாருக்கு எவ்வளவு வாக்கு என்று தெரியாமல் சரிவை அளக்க முடியாது.

2014 வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் கையில் உள்ளன. சிக்கல் இரண்டு. எல்லை குறுக்கே போகும் சாவடிகளைப் பரப்பளவால் பிரித்தால் கணக்கு கெடும். ரூஜ் பள்ளத்தாக்கில் பாதி வெறும் காடு, மரத்துக்கு ஏது வாக்கு! வாக்காளர் எண்ணிக்கையால்தான் பிரிக்கவேண்டும். அடுத்தது முன்கூட்டிய வாக்குகள் (தேர்தல் நாளுக்கு முன்பே போட்டவை): பல சாவடிகளுக்குச் சேர்த்தே எண்ணியிருப்பதால், தேர்தல் நாள் விகிதத்தை அப்படியே பொருத்தினால் முதியோர் அதிகமுள்ள இடங்களில் பிசகும்.

2016 ரூஜ் ரிவர் இடைத்தேர்தலை அடிப்படையாகச் சொல்லாதீர்கள். ரேமண்ட் சோ (அவரும் கன்சர்வேட்டிவ்) வென்றார், சரி. ஆனால் இடைத்தேர்தலுக்கு வருகிற கூட்டமே வேறு.

2014 சாவடி எல்லைக் கோப்பு (ஷேப்ஃபைல்) வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? மால்வர்ன், வெஸ்ட் ஹில் பகுதிகள் மட்டும் இருந்தாலும் போதும். முன்கூட்டிய வாக்குகளைப் பிரிக்க நீங்கள் கையாளும் முறையையும் எழுதுங்கள்.