இரண்டு பக்கமும் சண்டை வந்தால் படையை எப்படிப் பிரிப்பது?

தக்கலைக்காரன்:
நேற்று புலியூர்க்குறிச்சி டீக்கடையில் தொடங்கிய தகராறு இன்னும் ஓயவில்லை. வடக்கே சீனா, மேற்கே பாகிஸ்தான், இரண்டும் சேர்ந்து வந்தால் படையைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும் என்கிறேன் நான். கூட்டாளியோ, முதலில் ஒருத்தனை அடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்தவனிடம் திரும்ப வேண்டும் என்கிறான். எது சரி? பட்டாளத்தில் இருந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பழைய பட்டாளம்:
பாதிப் பாதி என்றால் இரண்டு பக்கமும் தோற்கலாம் தம்பி. ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பலத்தைக் குவிப்பதுதான் வழக்கம். ஆனால் அதற்கும் முன்னால், இன்னொருத்தன் உள்ளே வராமல் கதவைச் சாத்த வேண்டும். 1971இல் பாகிஸ்தான் கையில் இருந்த கிழக்கு வங்கத்தில் (இன்றைய வங்கதேசம்) மார்ச்சிலேயே ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் முழுப் போர் டிசம்பரில்தான். இடையில் ஆகஸ்ட் 9 அன்று சோவியத்தோடு ஒப்பந்தம், மழை முடிந்து வங்காளத்து ஆறுகள் வடிந்தன, பனியில் இமயமலைக் கணவாய்கள் அடைபட்டதால் சீனா இறங்குவதும் கஷ்டமானது. அப்புறம் டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16இல் டாக்காவில் முடிந்தது.

குளச்சல் காற்று:
டாக்கா வரை எதுக்கு மக்கா, நம்ம குளச்சலைப் பாரு. 1741இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கு வடக்கே கொட்டாரக்கரை, காயங்குளம் பக்கம் சண்டை. அந்த நேரம் பார்த்து இலங்கையிலிருந்து வந்த டச்சுக்காரன் குளச்சலில் இறங்கி பத்மநாபபுரத்துக்கே குறி வைத்தான். தலைநகரே போய்விட்டால் காயங்குளத்தை வைத்து என்ன செய்ய? அவர் தெற்கே திரும்பிவிட்டார். டச்சுக்காரனுக்குக் கொச்சியிலிருந்து உதவி வந்து சேரவில்லை. ஆனி ஆடியில் நம்ம கடல் எப்படிக் கிடக்கும் என்று மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆகஸ்டில் கதை முடிந்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு இவருக்கே படை பழக்கினார், அவர் கல்லறை நீ டீ குடித்த இடத்துக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள்தான் கிடக்கிறது. காயங்குளத்தை 1746இல் சாவகாசமாக எடுத்துக்கொண்டார்.

தக்கலைக்காரன்:
அப்போ கூட்டாளி சொன்னதுதான் சரியா? 1914இல் ஜெர்மனியும் இதே கணக்குதானே போட்டது, ஆறு வாரத்தில் பிரான்சை முடித்துவிட்டு ரஷ்யா பக்கம் திரும்பலாம் என்று?

பழைய பட்டாளம்:
ரஷ்யா மெதுவாக வரும் என்று நம்பினார்கள், அது ஆகஸ்டிலேயே கிழக்குப் பிரஷ்யாவுக்குள் வந்து நின்றது. பதறிப்போய் மேற்கிலிருந்து இரண்டு கோர் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) படையை உருவி ரயிலேற்றினார்கள். அது போய்ச் சேருவதற்குள் டானென்பர்க் சண்டை முடிந்துவிட்டது, இங்கே பிரான்சில் மார்ன் ஆற்றங்கரையில் ஆள் குறைந்தது. இரண்டு பக்கத்துக்கும் உதவாமல் ரயிலில் உட்கார்ந்திருந்த படை அது.

ஆரல்வாய்மொழி:
குளச்சலில் ஜெயித்ததை மட்டும் சொன்னால் எப்படி? 1809இல் வெள்ளைக்காரனை எதிர்த்த திருவிதாங்கூர் தளவாய் (முதலமைச்சர்) வேலுத்தம்பிக்கும் இதே நிலைமைதான், கொல்லத்தில் ஒரு கம்பெனிப் படை, கிழக்கே எங்க ஊர்க் கணவாய் வழியாக இன்னொன்று. ஜனவரியில் கொல்லத்தை அடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. பிப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழி அரண் விழுந்தது, அப்புறம் நாஞ்சில் நாட்டுக்குள் வழி திறந்துவிட்டது. முதல் ஆளை முடிக்கவே முடியாவிட்டால் என்ன செய்வது என்று கூட்டாளியிடம் கேளும்.

தக்கலைக்காரன்:
கேட்கிறேன். ஆனால் அண்ணே, அந்தப் பனிக் கதவு இப்போதும் சாத்துமா?

பழைய பட்டாளம்:
முன்ன மாதிரி இல்லை. 2020 ஜூனில் சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு இரண்டு தரப்புமே லடாக்கில் குளிர்காலம் முழுக்க நின்றன.