19-31ஐ வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டப் போறீங்க?

முப்பத்தஞ்சாந்தெரு:
2024 சீசன்ல நம்ம சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி 6 வெற்றி, 22 தோல்வின்னு 6-22ல நிக்குது. நேத்து ராத்திரி தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸாப் குழுவுல நம்ம நேப்பர்வில் நாகு ஒரு முத்து உதிர்த்தார். "162 ஆட்டத்துல 28 தான் ஆகியிருக்கு. 2019ல வாஷிங்டன் நேஷனல்ஸ் 19-31ல கிடந்தாங்க, அந்த வருஷமே உலகத் தொடர்ங்கிற சாம்பியன் கோப்பையைத் தூக்கினாங்க. ஒயிட் சாக்ஸ் கதை முடிஞ்சுதுன்னு சொல்றவனுக்கு பேஸ்பால் தெரியாது."

எனக்குத் தெரியாதாம். ஒயிட் சாக்ஸ் மைதானத்துக்கு கோமிஸ்கின்னு பேர் இருந்த காலத்துலேர்ந்து ரெட் லைன் ரயில்ல 35ஆம் தெருவுல இறங்குறவன் நான். பள்ளிக்கூடக் குழுவாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். இங்க கேக்குறேன். நம்ம 6-22க்கும் அந்த 19-31க்கும் என்னய்யா சம்பந்தம்?

நேப்பர்வில் நாகு:
அண்ணே, அங்க பேசினதை இங்க இழுத்துட்டு வர்றது நாகரிகமா? சரி, வந்துட்டீங்க. 19-31ல இருந்தப்ப மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை வீட்டுக்கு அனுப்பணும்னு உங்களை மாதிரி ஆளுங்கதான் கத்தினாங்க. அனுப்பலை. 93-69ல முடிச்சு கோப்பையும் வாங்கினாங்க. அதுதான் சம்பந்தம். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் டாம்பா பே ரேஸை அடிச்சிருக்கோம். 9-4, 8-7, 4-2. அதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினீங்களா?

முப்பத்தஞ்சாந்தெரு:
எழுதுறேன். சனிக்கிழமை நான் மைதானத்துல இருந்தேன், நீங்க சோஃபாவுல இருந்தீங்க. 10வது இன்னிங்ஸ், 7-6ன்னு பின்தங்கி நிக்கிறோம். பெனின்டெண்டி அடிச்ச பந்து வேலியைத் தாண்டினதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் ஜாக்கெட்டைப் பிடுங்கித் தலைக்கு மேல சுழட்டினார். பாக்கெட்ல இருந்த சாவிக்கொத்து மூணு வரிசை கீழே போய் விழுந்துது. தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள கூட்டமே கலைஞ்சு போச்சு. எனக்கும் சந்தோஷம்தான்யா. ஆனா வெள்ளிக்கு முந்தின நாலு நாள் மினியாபொலிஸ்ல மினசோட்டா ட்வின்ஸ்கிட்ட என்ன ஆச்சு? நாலுக்கு நாலும் தோத்தோம். அந்த ஊர்க்காரனுங்க ஆட்டக்காரங்க உக்கார்ற டக்அவுட்ல ஒரு சாசேஜை வச்சு அதைத் தொட்டுட்டு வந்து பந்து வீசுற நம்ம பிட்சர்களைப் பிளந்தானுங்க. அதே அணிதான் இன்னிக்கு ராத்திரி நம்ம ஊருக்கு வருது. உங்க 19-31ஐ அந்த சாசேஜுக்கு முன்னாடி கொண்டு போய் வைங்க, பாப்போம்.

எண்ணும்எழுத்தும்:
ரெண்டு பேரும் தப்பான எண்ணை வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறீங்க. 19-31ங்கிறது 50 ஆட்டம் முடிஞ்ச கணக்கு. மே 23, நியூயார்க் மெட்ஸ்கிட்ட நாலு ஆட்டமும் தோத்த அன்னிக்கு. நாம ஆடியிருக்கிறது 28. நேஷனல்ஸ் அந்த வருஷம் ஏப்ரலை முடிச்சப்பவும் சரியா 28 ஆட்டம்தான், அப்ப 12-16. ஒப்பிடணும்னா அதோட ஒப்பிடுங்க. அவங்க ஜெயிச்சதுல நாம பாதி.

இன்னொண்ணு. "கதை முடிஞ்சுது"ன்னா என்ன அர்த்தம்? பிளேஆஃப் போக மாட்டோம்னா? பாதி ஆட்டம், அதாவது 81 ஜெயிக்க மாட்டோம்னா? 100 தோப்போம்னா? அதைச் சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

முப்பத்தஞ்சாந்தெரு:
12-16! கேட்டீங்களா நாகு, 12-16! மேடம், உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்.

நேப்பர்வில் நாகு:
12-16ஓ 19-31ஓ, கீழே கிடந்தாங்களா இல்லையா? கிடந்தவங்க எழுந்தாங்களா இல்லையா? என் பேச்சு அவ்வளவுதான். நேஷனல்ஸோட டிரே டர்னர் 2019 ஏப்ரல் ஆரம்பத்துலயே விரலை உடைச்சுக்கிட்டு மே நடுவுலதான் திரும்பி வந்தார். நமக்கும் லூயிஸ் ராபர்ட் ஏப்ரல் 5ஆம் தேதியிலேர்ந்து இல்லை. போன வருஷம் 38 ஹோம் ரன் அடிச்ச ஆள். மொன்காடாவும் இல்லை. இவங்க ரெண்டு பேரும் வந்ததும் பாருங்க.

முப்பத்தஞ்சாந்தெரு:
ராபர்ட் வருவார், வந்த வேகத்துல மறுபடி எதையாவது இழுத்துக்குவார். மொன்காடா முதல் பேஸுக்கு ஓடும்போது தொடையைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவர், மூணுலேர்ந்து ஆறு மாசம்னு சொல்லிட்டாங்க. டர்னர் வந்தப்ப அந்த அணியில யார் யார் இருந்தா? ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின்னு பிட்சருங்க, ரெண்டோன், 20 வயசு சோட்டோன்னு அடிக்கிறவங்க. அவங்களுக்கு ஓட்டை புல்பென்ல, அதாவது நடுவுல மாத்தி இறக்குற பிட்சர்கள்ல மட்டும்தான். நமக்கு புல்பென்ல ஓட்டை, பேட்டிங்ல ஓட்டை, குரோஷேயை விட்டா தொடக்க பிட்சர்லயும் ஓட்டை.

அந்தப் பையனைச் சொல்லணும். மார்ச் 28, இங்கேயே டெட்ராய்ட்கூட, அவருக்குப் பெரிய லீக்ல தொடக்க பிட்சரா அதுதான் முதல் ஆட்டம். 6 இன்னிங்ஸ், 8 ஸ்டிரைக் அவுட், ஒரே ஒரு ரன். அதையும் 1-0ன்னு தோத்தோம். அன்னிக்கே எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் இன்னொரு பிட்சர் டிலன் சீஸை சான் டியாகோவுக்கு ஏத்தி அனுப்பினாங்க. ஜெனரல் மேனேஜர் கெட்ஸே போன நவம்பர்ல இந்த அணி தனக்குப் பிடிக்கலைன்னு நிருபர்கள்கிட்ட சொன்னவர். அவருக்கே பிடிக்காத அணி நாகுவுக்குப் பிடிச்சிருக்கு.

ரிக்லி ராஜாமணி:
வணக்கம் தெற்குச் சீமை மக்களே. நல்லா இருக்கீங்களா? சிகாகோ கப்ஸ்ல நாங்க கிரெய்க் கவுன்செல்லுக்கு அஞ்சு வருஷத்துக்கு 40 மில்லியன் கொடுத்து மேனேஜரா உக்கார வச்சிருக்கோம். நீங்க இன்னும் உங்க மேனேஜர் கிரிஃபோலோட ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

முப்பத்தஞ்சாந்தெரு:
வந்துட்டாருய்யா. 108 வருஷம் கோப்பையைப் பாக்காம மைதானச் சுவத்து ஐவிக் கொடியைத் தடவிக்கிட்டு இருந்த கூட்டம். 2005ல நாங்க பிளேஆஃப்ல 11 ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்தோம். ஊர்வலம் போனப்ப நீங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருந்தீங்க.

நேப்பர்வில் நாகு:
அண்ணே, நீங்களே 2005னு எடுத்துட்டீங்க. இறுதியில நாம நாலுக்கு நாலு வீழ்த்தின ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அந்த வருஷம் 15-30ல தொடங்கினவங்க. 15-30லேர்ந்து உலகத் தொடர் வரைக்கும் வந்தாங்க. இதுக்கு என்ன பதில்?

முப்பத்தஞ்சாந்தெரு:
வந்தாங்க, வாங்கிட்டுப் போனாங்க, அதான் பதில். 15-30, 19-31, எல்லாம் எண்ணிப் பாத்தா அஞ்சாறு கதை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லுவீங்க. நான் வேற கதை சொல்லவா? போன வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நாம 3-22. சின்சினாட்டி ரெட்ஸ் 2022ல அச்சு அசலா 3-22. முடிவு 62-100. டெட்ராய்ட் 2003ல 3-25. முடிவு 43-119. இதையெல்லாம் பள்ளிக்கூடக் குழுவுல ஏன் போடலை?

இன்னிக்கு ஏப்ரல் 29. 1988ல இதே தேதியிலதான் பால்டிமோர் ஓரியோல்ஸ் 0-21க்கு அப்புறம் முதல் ஆட்டத்தை ஜெயிச்சாங்க. எங்க? நம்ம சிகாகோவுல. யார்கிட்ட? நம்மகிட்ட, 9-0. ஊர் உலகத்துல எவனும் தோக்காதவன்கிட்ட தோத்தவங்க நாம! அவங்க 54-107ல முடிச்சாங்க. 0-21லேர்ந்து எழுந்து எவனும் கோப்பை தூக்கலை.

எண்ணும்எழுத்தும்:
அடுத்த வருஷமே அதே ஓரியோல்ஸ் 87-75, டொராண்டோவை விட ரெண்டே ஆட்டம்தான் பின்னால. ஆனா அது அடுத்த வருஷம்.

கணக்கை மட்டும் சொல்லிடுறேன். மீதி 134 ஆட்டம். 90 வெற்றி வேணும்னா 84-50 ஆடணும். முழு சீசனுக்கு விரிச்சா 101, 102 வெற்றி ஆடுற அணியோட வேகம் அது. வெறும் 81க்கே 75-59 வேணும். நேஷனல்ஸ் 19-31க்கு அப்புறம் ஆடினது 74-38. அதனாலதான் அஞ்சு வருஷம் ஆகியும் அதையே பேசிக்கிட்டு இருக்கோம். எந்த இலக்கைப் பத்திப் பேசறீங்கன்னு மறுபடி கேக்குறேன்.

நேப்பர்வில் நாகு:
74-38! அதைத்தான் நானும் சொல்றேன்! முடியும்னு காட்டியிருக்காங்க!

முப்பத்தஞ்சாந்தெரு:
யார் காட்டினா? ஷெர்சரும் சோட்டோவும் காட்டினாங்க. நம்ம தொடக்க வரிசையைப் போய்ப் பாருங்க. டாமி ஃபாம் வெள்ளிக்கிழமைதான் மைனர் லீக்லேர்ந்து வந்தார், அவர்தான் இப்ப நமக்கு மீட்பர். 12-16 எங்க, 6-22 எங்க?

மஞ்சச்சட்டை:
எனக்கு பேஸ்பால் அவ்வளவா தெரியாது. ஆனா மும்பை இந்தியன்ஸ் 2015ல முதல் நாலையும் தோத்துட்டு கோப்பை வாங்கினாங்களே. நாகு அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு.

முப்பத்தஞ்சாந்தெரு:
தம்பி, அது 14 லீக் ஆட்டம். இது 162. அங்க ரெண்டு வாரம் ஃபார்ம் வந்தா போதும். இங்க ஆறு மாசம். ஏப்ரல்ல தோத்தது எதுவும் ஆகஸ்ட்ல திரும்பி வராது.

நேப்பர்வில் நாகு:
அண்ணே, நீங்க சொன்னதுலயே நான் ஜெயிச்சுட்டேன். 14ல தோத்தாத்தான் நேரம் இல்லை. 162னா நேரம் கிடக்கு. 28ஐ வச்சு என்ன முடிவு?

முப்பத்தஞ்சாந்தெரு:
நேரம் கிடக்கு, ஆள் கிடக்கலையே.

பெங்களூரு பாலு:
ஐபிஎல் பேச்சு வந்ததால சொல்றேன். ஆர்சிபியை எட்டுல ஒண்ணு ஜெயிச்சப்ப எல்லாரும் எழவு வீடு மாதிரி பேசினீங்க. 25ஆம் தேதி ஹைதராபாத்தை அடிச்சோம், நேத்து குஜராத்தை அடிச்சோம். எழுதி வச்சுக்கோங்க.

மஞ்சச்சட்டை:
எழுதி வச்சு வச்சு நோட்டே தீந்துடுச்சு பாலு. 2008லேர்ந்து எழுதுறோம்.

பெங்களூரு பாலு:
மஞ்சச்சட்டை, உங்க ஆணவத்துக்கு மே மாசம் பதில் வரும்.

மஞ்சச்சட்டை:
எந்த வருஷ மே?

ரிக்லி ராஜாமணி:
பாலுவும் நாகுவும் ஒரே கட்சி போல இருக்கே.

முப்பத்தஞ்சாந்தெரு:
கிரிக்கெட்டை வேற இழையில வச்சுக்கோங்கப்பா. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. 28 ஆட்டத்துல 12-16 ஆடின அணியையும் 6-22 ஆடின அணியையும் ஒரே தராசுல வைக்கலாமா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தை போதும்.

நேப்பர்வில் நாகு:
50 ஆட்டம் ஆனப்புறம் பேசுவோம். அப்ப நாம 19-31ஐ விட நல்லா இருந்தா?

முப்பத்தஞ்சாந்தெரு:
அதுக்கு அடுத்த 22ல 14 ஜெயிக்கணும். போன 28ல 6 ஜெயிச்சவங்க. கூட்டல் கழித்தலாவது பண்ணிட்டு வாங்க.

எண்ணும்எழுத்தும்:
13 ஜெயிச்சாலே 19-31 சமம். அதை விட நல்லாத்தான் 14. கணக்கு சரி. இலக்கு என்னன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க.

நேப்பர்வில் நாகு:
மேடம், நீங்க யார் பக்கம்?

எண்ணும்எழுத்தும்:
வகுத்தல் பக்கம்.

முப்பத்தஞ்சாந்தெரு:
மூணு வருஷம் முன்னாடி, 2021ல, நாமளும் 93-69தான். நேஷனல்ஸ் எடுத்த அதே எண்ணிக்கை. சென்ட்ரல் டிவிஷனை ஜெயிச்சோம். இதே நாகு அப்ப "இனி அஞ்சு வருஷம் நம்ம ராஜ்ஜியம்"னு எழுதினார். நான் மறக்கலை. அடுத்த வருஷம் 81-81. அதுக்கடுத்து 61-101. இப்ப 6-22. முதலாளி ரைன்ஸ்டார்ஃப் என்னடான்னா புது மைதானத்துக்கு அரசுப் பணம் கேட்டு பிப்ரவரியில மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு போய்ட்டு வந்தார். இருக்கிற மைதானத்துல பாதி நாள் காலி சீட்டை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கோம். இந்த வியாதி இந்த ஏப்ரல்ல வந்ததில்லை. மூணு ஆட்டம் ஜெயிச்சதும் மாத்திரை வேலை செய்யுதுன்னு கிளம்பிடுறீங்க.

நேப்பர்வில் நாகு:
2021ல எழுதினதை எல்லாம் சேத்து வச்சிருக்கீங்களா? வேற வேலையே இல்லையா அண்ணே? நான் நம்பிக்கையோட பாக்குறேன், நீங்க தோக்கணும்னே பாக்குறீங்க. தோத்தாத்தான் நீங்க சொன்னது சரின்னு ஆகும். நீங்க ரசிகரா, ஆடிட்டரா?

முப்பத்தஞ்சாந்தெரு:
1-0 ஆட்டத்துல மார்ச் குளிர்ல கடைசி பால் வரைக்கும் உக்காந்திருந்தவனைப் பாத்து கேக்குற கேள்வியா இது? சப்பர்ப்ல சென்ட்ரல் ஹீட்டிங்ல உக்காந்துக்கிட்டு ரசிகன்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

நேப்பர்வில் நாகு:
வந்தாச்சு சப்பர்ப் பேச்சு. நேப்பர்வில்லேர்ந்து வந்தா ரசிகன் இல்லையா? போன ஜூலையில என் வண்டியில உக்காந்து போனப்ப இது தெரியலையா?

ரிக்லி ராஜாமணி:
எங்க பக்கம் வாங்க நாகு. சப்பர்ப் ஆளுங்களைத் தலைல தூக்கி வச்சுக்குவோம். வெள்ளிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் கூட இருக்கு.

நேப்பர்வில் நாகு:
விஷம் வேணாலும் குடிப்பேன், உங்க மைதானத்துக்கு வர மாட்டேன்.

முப்பத்தஞ்சாந்தெரு:
இது ஒண்ணுதான் இன்னிக்கு உருப்படியா பேசினது. சரி, 12-16க்கு பதில்?

நேப்பர்வில் நாகு:
19-31.

மஞ்சச்சட்டை:
ஒரு சின்ன சந்தேகம். இந்த 162ம் எப்ப முடியும்?

எண்ணும்எழுத்தும்:
செப்டம்பர் 29.

மஞ்சச்சட்டை:
ஐயோ.

நேப்பர்வில் நாகு:
அண்ணே, இன்னிக்கு ராத்திரி மினசோட்டா ஆட்டத்துக்கு உங்ககூட வர்றதா சொல்லியிருந்தேன்ல. நான் வரலை. நீங்களும் உங்க சாசேஜும் தனியா பாருங்க.

முப்பத்தஞ்சாந்தெரு:
வராட்டி போங்க, டிக்கெட்டுக்கு வேற ஆள் இருக்கு. போன தடவை டிக்கெட் காசையே இன்னும் அனுப்பலை நீங்க. 12-16ஐயும் அதையும் சேத்து யோசிச்சுட்டு பதில் போடுங்க.